மூன்றாவது பிரஷ் டைனமோ: மேசை மேல் ஓட்டிப் பார்த்தது

பிரித்துத் துடைத்து மாட்டிய பழைய 6 வோல்ட் டைனமோ (இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) இப்போது மேசை மேல் ஓடி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. 1920களில் பல கார்களில் இருந்த வகை இது. உள்ளே மூன்று பிரஷ் (சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு), வெளியே ஒரு கட்-அவுட் (பேட்டரியோடு தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), அவ்வளவுதான். ரெகுலேட்டர் என்று எதுவும் கிடையாது. அது இல்லாமலே தன் கரண்ட்டைத் தானே எப்படி அடக்கிக்கொள்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

டைனமோ வருவதற்கு முன் கார் விளக்கு என்றால் பெரும்பாலும் கார்பைடில் தண்ணீர் சொட்டுவதால் வரும் அசிட்டிலின் வாயுதான். 1912 கேடிலாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் டெல்கோ அமைப்பு வந்து, ஸ்டார்ட் செய்வது, விளக்கு, இக்னிஷன் மூன்றையும் மின்சாரத்துக்கு மாற்றியது. ஃபோர்டு மாடல் டி மட்டும் கொஞ்ச காலம் ஃப்ளைவீல் மேக்னட்டோவிலிருந்தே (காந்தங்கள் சுழன்று மின்சாரம் தரும் பகுதி) ஹெட்லைட்டை எரித்தது. அதிலிருந்து வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அப்படியே பேட்டரியில் ஏற்ற முடியாது. இன்ஜின் மெதுவானால் வெளிச்சமும் மங்கும். 1919இல் அதற்கும் பேட்டரி, டைனமோ, செல்ஃப் எல்லாம் வந்தன.

சரி, வேலைக்கு வருவோம். பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரை மெல்லிய கண்ணாடித் தாளால் தேய்த்தேன். எமரி தாள் இங்கே ஆகாது, அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டைகளுக்கு இடையில் இருக்கும் மைக்காவை உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டி, செம்பைவிடக் கொஞ்சம் தாழ வைத்தேன். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் இதில் அவசரப்பட்டால் பிரஷ் துள்ளி நெருப்புப் பொறி பறக்கும். அப்புறம் புது பிரஷ்கள். பெல்ட் போடும் முன் பேட்டரியை நேராகக் கொடுத்துப் பார்த்தேன். டைனமோ மோட்டார் மாதிரி மெதுவாக, ஒரே சீராகச் சுற்றியது. ஆர்மேச்சரும் (சுழலும் பகுதி) ஃபீல்டு காயிலும் (காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

வேகம் மாற்றக்கூடிய மோட்டாரைப் பெல்ட்டில் இணைத்து, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே வேகத்தை ஏற்றினேன். வோல்ட்டேஜ் ஆறரையைத் தாண்டியதும் கட்-அவுட் 'டிக்' என்று மூடிக்கொண்டது. அதில் இரண்டு காயில்கள் உண்டு. மெல்லிய கம்பியில் பல சுற்றாக இருப்பது டைனமோவின் வோல்ட்டேஜைப் பார்த்துப் பாயிண்டை, அதாவது சுவிட்சின் தொடுமுனையை, இழுக்கிறது. தடித்த கம்பியில் சில சுற்றாக இருப்பது வழியே சார்ஜ் கரண்ட் போகிறது. வேகத்தைக் குறைத்தால் அம்மீட்டர் முள் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் லேசாகச் சாயும்; அந்தத் திரும்பும் கரண்ட்டே காந்தத்தைத் தளர்த்திப் பாயிண்டைத் திறந்துவிடும். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போதெல்லாம் பேட்டரி டைனமோ வழியாகவே வடிந்துவிடும்.

நான் காத்திருந்தது அடுத்த கட்டத்துக்குத்தான். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் 10 ஆம்பியர் காட்டிய முள், 2500க்கு ஏற்றியதும் 7க்கு இறங்கிவிட்டது! காரணம் இதுதான். ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் போவது, கரண்ட்டை வெளியே எடுக்கும் இரண்டு பெரிய பிரஷில் ஒன்றுக்கும் மூன்றாவது பிரஷுக்கும் நடுவிலிருந்து. ஆர்மேச்சரில் கரண்ட் ஓடும்போது அதன் சொந்தக் காந்தப்புலம் முதன்மைப் புலத்தைச் சுழலும் திசையில் தள்ளுகிறது. அதனால் அந்த இரண்டு பிரஷுக்கும் நடுவே இருக்கும் சுற்றுகள் வெட்டும் புலம் குறைந்து, ஃபீல்டுக்கு வோல்ட்டேஜ் இறங்குகிறது. எதைக் கோளாறு என்று இன்ஜினியர்கள் ஒதுக்கப் பார்ப்பார்களோ, அதையே இங்கே கட்டுப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் சலிப்பே வரவில்லை. மூன்றாவது பிரஷை சுழலும் திசையில் கொஞ்சம் நகர்த்தினால் உச்சம் ஏறும், எதிர்த்திசையில் நகர்த்தினால் இறங்கும்.

ஆனால் இது அடக்குவது கரண்ட்டை மட்டும்தான். வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருப்பது பேட்டரி. இதைப் பார்க்க, சார்ஜ் போகும் வயரில் வேண்டுமென்றே ஒரு துண்டு ரெசிஸ்டன்ஸ் கம்பியைச் சேர்த்தேன், துருப்பிடித்த பேட்டரி டெர்மினல் போல. டைனமோ முனையில் வோல்ட்டேஜ் எட்டுக்கு மேல் போனது. ஃபீல்டுக்கும் அதே வோல்ட்டேஜிலிருந்துதான் பங்கு போகிறது, ஆகவே தடை கூடக் கூட டைனமோ இன்னும் முனைப்பாக உற்பத்தி செய்கிறது. பேட்டரியே கழன்றுவிட்டால் பல்புகளும் போகும், ஃபீல்டு காயிலும் போகும். இதே காரணத்தால்தான் சார்ஜ் நிறைந்த பேட்டரிக்கு அதிகமாகவும், இறங்கிய பேட்டரிக்குக் குறைவாகவும் கரண்ட் போகிறது. தேவைக்கு நேர் எதிர். இந்த அமைப்பின் உண்மையான பலவீனம் அதுதான் என்பேன்.

24 வாட் ஹெட்லைட் இரண்டையும் போட்டால் 8 ஆம்பியர் அதற்கே போய்விடும். 10இல் மிச்சம் இரண்டுதான் பேட்டரிக்கு. பகலில் விளக்கில்லாமல் நெடுந்தூரம் ஓடினால் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். அதற்காகவே லூக்காஸ் போன்றவர்கள் சுவிட்சில் கோடைக்காலத்துக்கென்று பாதி சார்ஜ் நிலை ஒன்றை வைத்து, ஃபீல்டு வழியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தார்கள். ஹெட்லைட் போட்டதும் அந்த ரெசிஸ்டர் விலகி முழு சார்ஜ் வந்துவிடும். இப்போது அந்தச் சுவிட்சைத்தான் மேசையில் இணைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கடுத்து, 1930களில் வந்த அதிரும் பாயிண்ட் வகை வோல்ட்டேஜ் ரெகுலேட்டரை ஒரு இரண்டு பிரஷ் டைனமோவில் கோத்து, இதே பேட்டரியில் இரண்டையும் ஒப்பிட்டு அளக்கப் போகிறேன்.