அடுத்த வீட்டுக்காரரின் அருவாப்பெட்டி

மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று வருடமாக விரட்டுகிறார். மஸ்கட்டில் வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த வருடம் நம் வாத்தியார் சக்கரம் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். இனித் தப்ப முடியாது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ரூபாய்க்கு எத்தனை சக்கரம் என்று கேட்பார். 28 என்று சொல்லி முடிப்பதற்குள் காது அவர் கையில் இருக்கும். சக்கரத்துக்கு 16 காசு. நாம் பிறக்கும் முன்பே செல்லாமல் போன திருவிதாங்கூர் காசுக்கு நாம் அடி வாங்கினோம். உதயகிரிக் கோட்டைக்கு நடத்தியே கூட்டிப்போய், டிலனாய் கல்லறை முன்னால் நிறுத்தி, லத்தீனைத் தமிழ்ப் பையன்கள் வாசிக்க வேண்டாம், தமிழை வாசி என்றார். 1741இல் கொளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிடித்த மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியாகி, அங்கேயே அடங்கிக் கிடக்கிறார். "பிடிபட்டவன் இங்கயே இருந்துட்டான். நீங்க ஒருத்தன் நிக்கமாட்டிய லே" என்றார் சார். சிரித்தோம்.

விடுமுறையில் போனபோது அவர் வீட்டைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு அறைகளை அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார். பழைய மாணவர்கள் சிலரும் கல்லூரிப் பிள்ளைகளும் சனி, ஞாயிறு முறை வைத்துத் திறக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, வாசலில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின். உள்ளே நாழி, மரக்கால், கொல்லம் ஆண்டு போட்ட பத்திரங்கள், மிளகளவு சக்கரங்கள், ஒரு பழைய அஞ்சல் முத்திரை. எல்லாவற்றுக்கும் சாரின் கையெழுத்தில் அட்டை. ஓர் அட்டையில் மட்டும் கண் நின்றுவிட்டது.

அருவாப்பெட்டி. பனையேறிகள் இடுப்பில் கட்டுவது.

ஒன்பதாம் வகுப்பில், நவம்பர் 1க்கு வகுப்பறையில் கண்காட்சி வைத்தார், நினைவிருக்கிறதா? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956ஆம் வருடத்தை ஒப்பித்துவிட்டு, வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும். ஒருவன் வெள்ளி வெற்றிலைச் செல்லம் கொண்டுவந்தான். நான் என் தாத்தாவிடம், எங்கள் ஊர்ப் பேச்சில் பாட்டாவிடம், கேட்காமல் அவருடைய அருவாப்பெட்டியை எடுத்துப்போனேன். அக்கானி என்கிற பதநீர் வாடையும் கலயத்துக்குப் பூசும் சுண்ணாம்பு வாடையும் வகுப்பெல்லாம் அடித்தது. பின்பெஞ்சில் யாரோ மூக்கைப் பொத்தினான். அவன் இப்போது சங்கத்தில் ஆயுள் உறுப்பினர்; போகட்டும்.

"இது யாருக்க லே?" என்றார் சார்.

"அடுத்த வீட்டுக்காருக்க, சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்காட்சி முடிந்ததும் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நம்முடையது என்று ஆகிவிடுமே. பாட்டா ஒரு வாரம் வீடு முழுக்கத் தேடினார். நாய் இழுத்துப் போயிருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். புதிது ஒன்று செய்துகொண்டார். அதைக் கட்டிக்கொண்டு ஏறி, காய்ச்சிய கருப்பட்டியை விற்ற காசில்தான் எனக்கு முதல் பாஸ்போர்ட் வந்தது. அவர் இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை.

அட்டையில் "கொண்டுவந்தது: 9ஆ மாணவன். உடைமை: அடுத்த வீட்டுக்காரர்" என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

முறைக்கு வந்திருந்த பெண் கல்லூரி முதல் வருடம். "சார் கடைசி வரைக்கும் இதை மட்டும் மைல எழுத விடல அங்கிள். ஆள் வருவான்னு சொல்லுவாங்க. உங்களுக்கு இது யாருக்கன்னு தெரியுமா?" என்று பதிவேட்டை நீட்டினாள்.

பாட்டா பெயரை எழுதினேன். தமிழில் பேனா பிடித்து வருடங்கள் ஆகிவிட்டதால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. உறவு என்ற கட்டத்தில் பேரன் என்று போட்டேன். டின்னில் பத்து ரியால் நோட்டு ஒன்று போட்டேன். அங்கே அது செல்லுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

அட்டையை மாற்றியதும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதாகச் சொன்னாள். இன்னும் வரவில்லை. அவளுக்கு முறை சனிக்கிழமைதான்.