வீணைக்கு ஒரு லோயர் பெர்த்

என் தங்கை வீணை வாசிப்பவள். அதனால் நான் வீணை தூக்குபவன். ஒரு வீட்டில் ஒருவர் வீணை கற்றுக்கொண்டால் இன்னொருவர் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். அண்ணனாகப் பிறந்தவனுக்கு அந்த உத்தியோகம் விண்ணப்பம் போடாமலே கிடைத்துவிடும்.

2023 மே மாதம். வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் (கம்பிக்கு அடியில் வரிசையாக இருக்கும் உலோகப் பட்டைகள்) அசைந்துவிட்டன, எதை வாசித்தாலும் அபஸ்வரம் என்று தங்கை புலம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னைப் போலவேதான் கேட்டது. அதைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் சொல்லவில்லை. வீணையில் மொத்தம் 24 மெட்டுகள். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து பிடித்த வரம்பின் மேல்தான் அவ்வளவும் உட்கார்ந்திருக்கும். பழைய மெழுகை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டுப் புதிதாகப் பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள். அதற்காகத் தஞ்சாவூர் போனோம். மேளம் கட்டி முடிந்து, ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்பினோம்.

வீணைப் பெட்டியின் கீல் உடைந்திருந்ததால் அன்றைக்கு வெறும் துணி உறைதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு அப்பர், ஒரு சைடு அப்பர். நாலடி நீள வீணையை அங்கே எப்படி ஏற்றுவது? ஏற்றினாலும் நான் எங்கே படுப்பது? தங்கைக்கு முதல் கேள்விதான் முக்கியமாகப் பட்டது.

லோயர் பெர்த்தில் ஓர் இளைஞர். விரல்களில் வெள்ளை டேப், முட்டியில் பட்டை, ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எங்கள் தவிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இங்க படுக்க வைங்க. மிடில் காலிதான், நான் மேல போயிக்கிறேன்" என்றார். வீணையை 'வைங்க' என்று சொல்லாமல் 'படுக்க வைங்க' என்றார். தங்கை அந்தச் சொல்லைக் கவனித்துவிட்டாள் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

"உங்களுக்குக் கால் நீட்ட முடியாதே?"

"மடக்கிக்குவேங்க. எங்களுக்கு அதான் பழக்கம்."

சிதம்பரம் தாண்டியிருக்கும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. தங்கையின் அலறல் கேட்டு விழித்துப் பார்த்தால், அந்த மனிதர் மிடில் பெர்த்திலிருந்து இடுப்புவரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கையில் வீணை. வீணையின் ஒரு முனையில் செதுக்கியிருக்கும் யாளித் தலையின் கழுத்தை இரண்டு கையாலும் கவ்விப் பிடித்திருந்தார். மறுமுனையின் குடம் தரையைத் தொட நாலு விரல்கடைதான் பாக்கி.

"மன்னிச்சிருங்க, கழுத்தைப் பிடிச்சிட்டேன்" என்றார், தொங்கியபடியே. "கபடிங்க. ஏதாச்சும் நழுவுனா கை தானாப் போயிரும். நான் லெஃப்ட் கார்னரு."

தங்கை, பாதித் தூக்கத்தில், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "அது எந்தத் தெருவுல இருக்கு?"

லெஃப்ட் கார்னர் என்பது கபடிக் களத்தில் அவர் நிற்கும் இடமாம். இந்தக் கேள்வியை அவர் நண்பர்கள் கல்யாண ஃபிளெக்ஸில் போட்டார்கள். அது பிற்பாடு.

அதற்கப்புறம் யாரும் தூங்கவில்லை. விடியும்போது அவர் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்ற முறையில் நான் தொண்டையைச் செருமினேன். விஷயம் வேறு. வலது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும் நகம் நீளமாக வளர்ந்திருக்கிறது, இடது கையில் ஒட்ட வெட்டியிருக்கிறது, ஏன் என்று கேட்டார். வலது கை மீட்ட, இடது கை கம்பியை அழுத்த என்று இவள் விளக்கினாள். அவர் சிரித்தார். கபடியில் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது விதியாம். களத்தில் இறங்குமுன் நடுவர் கையைத் திருப்பிப் பார்ப்பாராம். "உங்க வலது கையை வெளியிலயே நிப்பாட்டிருவாரு" என்றார்.

இவள் பையிலிருந்து குட்டி டப்பாவை எடுத்துக் காட்டினாள். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு. இடது கை விரல் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போக அதைத் தொட்டுக்கொள்வார்கள்.

"எண்ணெயும் ஆகாதுங்க. உடம்புல பூசிக்கிட்டு வந்தா பிடி வழுக்கும்ல? அதுவும் விதிதான்."

ஆக, இவள் தொழிலுக்குத் தேவையான இரண்டும் அவர் தொழிலில் குற்றம். இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடைக்காது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம் எழும்பூரில் காபி நன்றாக இருக்குமா என்பதுதான்.

இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொண்டார்கள். வீணைக்கு அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று விசாரிக்கத்தானாம். அவர் மன்னார்குடிப் பக்கம். ஒரு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அங்கே அணியில் ஆட்டம், புரோ கபடியில் ஓர் அணிக்கு மாற்று வீரர். இவ்வளவும் எனக்குத் தெரியும். "வீணை எப்படி இருக்கு?" என்று தினமும் ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வருவது மட்டும் தெரியாது. ஏழு மாதம் விசாரித்திருக்கிறார். என் பைபாஸ் பெரியப்பாவைக்கூட யாரும் அத்தனை நாள் விசாரிக்கவில்லை.

அந்த டிசம்பரில் புரோ கபடியின் சென்னை ஆட்டங்கள் 22 முதல் 27 வரை, நேரு உள்விளையாட்டரங்கில். சரியாக மார்கழிக் கச்சேரி சீசன். தங்கைக்கு ஒரு சபாவில் மத்தியானம் இரண்டு மணிக் கச்சேரி. டிக்கெட் கிடையாது, சாப்பிட்டுவிட்டுத் தூங்க வருகிறவர்கள் அதிகம் வரும் நேரம். அவருடைய அணிக்கு அன்று ஆட்டமில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆதி தாளத்தில் கீர்த்தனை ஆரம்பித்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் பளார் பளார் என்று தாளம் போட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அவரு யாரைக் கூப்பிடுறாரு?"

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கபடியில் தொடையைத் தட்டினால் 'வாடா பார்க்கலாம்' என்று அர்த்தம். அதற்குள் பெரியவருக்குப் பதில் சொல்வதுபோல இரண்டாம் வரிசை மாமியும் தொடையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். இவர் ஒரு சண்டை மூளப்போவதை எதிர்பார்த்து, யாருக்கு ஆதரவு என்று தீர்மானிக்க முடியாமல், கடைசிவரை நாற்காலி நுனியில்தான் இருந்தார். அந்தக் கச்சேரியில் அவ்வளவு விழிப்போடு இருந்த ரசிகர் அவர் ஒருவர்தான்.

மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தது. வழக்கம்போல நாலைந்து பேர் எழுந்து வெளியே போனார்கள். "அவுட்டா?" என்றார் மெதுவாக. கேன்டீனுக்கு என்றேன். மிருதங்கக்காரரைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். கடைசியில் சின்னப் பாட்டுகள் வாசிக்கும் துக்கடா நேரத்தில் அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் முகம் மலர்ந்து, "உள்ள வந்துட்டாங்கண்ணே" என்றார். கபடியில் வெளியே போனவன் திரும்பி வருவது புள்ளி எடுத்தால்தான். இங்கே போண்டா எடுத்தால் போதும்.

அந்த போண்டாவைக்கூட அவர் தொடவில்லை. சீனியர் ஆண்கள் கபடியில் 85 கிலோவைத் தாண்டக் கூடாதாம். கேன்டீனில் ரவா தோசையை அவர் பார்த்த பார்வையில் இருந்த காதல்தான் எனக்கு முதலில் புரிந்த காதல்.

மற்றது புரிந்தது 2024 ஏப்ரலில். அவர் ஊர்ப்பக்கம் கோடைக்காலக் கபடிப் போட்டி, அலுவலக அணிக்காக ஆடுகிறார். "தஞ்சாவூர் வரைக்கும் போறோமே, அப்படியே பார்த்துட்டு வரலாம்" என்றாள் தங்கை. வீணையில் ஒரு கோளாறும் இல்லை. எதற்குத் தஞ்சாவூர் போகிறோம் என்று நான் கேட்கவும் இல்லை. தூக்குபவனுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அம்மாவும் கிளம்பினார். அம்மா வீணை டீச்சர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் இடது கை நகத்தை வெட்டியவர்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் வரிசையாக எல்லார் கையையும் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். இவரிடம் வந்ததும் நின்றார். உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, எண்ணெய்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பதில் மைதானம் முழுக்கக் கேட்டது.

"வீணை எண்ணெய் சார்."

அம்மா திரும்பித் தங்கையைப் பார்த்தார். தங்கை கைப்பையை மூடினாள். டப்பா கிளிக்கென்று மூடும் சத்தம்கூட எனக்குக் கேட்டதுபோல இருந்தது. பந்தலுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவள், பேசிவிட்டு மட்டும் வரவில்லை, கையையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டுத் திசையிலும் கண் வைத்திருந்த அம்மாவும், கண் வைக்க வேண்டிய நானும் கோட்டைவிட்டதை ஒரு கபடி நடுவர் ஒரே தடவலில் கண்டுபிடித்துவிட்டார். நம் ஆளைக் கைகழுவ அனுப்பினார்கள். சோப்பு வாங்கப் போனது நான்தான்.

ஆட்டத்தை அம்மா எப்படிப் பார்த்தார் என்று தனியாக எழுத வேண்டும். எதிரணிக்குள் பாடிப் போகும் ரெய்டுக்கு 30 விநாடி என்று சொன்னதும் விரல் விட்டுத் தாளம் எண்ண ஆரம்பித்தார். "அந்தப் பச்சை பனியன் கபடி கபடின்னு ஒரே சுருதியில சொல்றான் பாரு, மூச்சு நல்லா நிக்குது" என்று எதிரணிக்கு சபாஷ் போட்டார். நம் ஆள் பாய்ந்து ஒருவனின் கணுக்காலைக் கவ்வ, மேலே நாலு பேர் விழுந்து அமுக்க, ஊரே விசிலடிக்க, அம்மா மட்டும் எழுந்து நின்று கத்தினார்: "விரல்! விரல் பத்திரம்!"

திரும்பும்போது காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கபடி ஆடுறதெல்லாம் ஒரு வேலையா?"

"வீணை வாசிக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப கேட்டாங்கன்னு நீதானேம்மா சொல்லுவே" என்றாள் தங்கை. அம்மா கும்பகோணம் வரை பேசவில்லை. கும்பகோணத்தில் காபி கேட்டார். காபி கேட்டால் சம்மதம்.

அவர்கள் குடும்பத்தோடு வந்த அன்று எங்கள் வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைத்தான் விரலைக் காட்டச் சொன்னார் அம்மா. ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கிப் பார்த்தார். இடது சுண்டுவிரல் மூன்று தடவை பிசகியதாம், மடங்காமல் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தது. "சுண்டுவிரலுக்கு, தாளத்துக்குப் பக்கவாட்டுல இருக்கிற பக்கசாரணிக் கம்பிதான் வேலை, அது வலது கை. இது போனாப் பரவாயில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் பாஸாகிவிட்டான் என்பது மட்டும் புரிந்தது.

2024 ஆவணியில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளை நெயில்கட்டரோடு உட்காருவார். முதலில் தன் பத்து விரல், பிறகு தங்கையின் இடது கை. பார்க்கவே அழகாக இருக்கும். மார்கழிக்கு மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிறு, டிவியில் கபடி. ஆட்டம் சூடு. கண் டிவியில், கை வேலையில். இடது கை முடிந்து, பழக்க தோஷத்தில், வலது கை ஆள்காட்டி விரலும் முடிந்தது.

நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும் என்பதை அன்று அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டோம்.

அம்மாவிடம் யார் சொல்வது? மாப்பிள்ளையே வந்தார். வாசலிலேயே நின்று, நடுவரிடம் அவுட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி கையைத் தூக்கினார். அம்மா விஷயத்தைக் கேட்டார், உள்ளே போனார், ஒட்டு நகமும் பசையும் எடுத்துவந்து மேஜையில் வைத்தார். "இதைத் தினமும் நீங்கதான் ஒட்டி விடணும். சீசன் முடியிற வரைக்கும் வீணையையும் நீங்கதான் தூக்கணும்."

பன்னிரண்டு வருஷ உத்தியோகத்திலிருந்து நான் ஓய்வுபெற்றது அப்படித்தான். தங்கை மட்டும், நெயில்கட்டர் சத்தம் எங்கே கேட்டாலும் வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.