சீட்டு எழுதிக் கொடுத்தால் போதுமா?

தர்மபுரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திச் சில பெண்கள் கேட்கும் மாத்திரை ஒன்று உண்டு. "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவாராமே, அண்ணா?"

அவர்கள் கேட்பது டைசல்ஃபிராம். கொடுக்க மாட்டேன். அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்து, குடிப்பவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. இதைச் சொன்னால், "அவர் சம்மதித்தால் நான் எதற்கு அண்ணா இங்கே வந்து நிற்கிறேன்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்காவின் ஓபியாய்டு (அடிமையாக்கக்கூடிய அபின் வகை வலி மருந்து) வழக்குகளை நான் விடாமல் படித்ததற்கு முதல் காரணம், அதில் மருந்துக்கடைக்காரர்களும் மாட்டியதுதான். பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-ல் அதன் தொடர்பு நிறுவனமான பர்டியூ ஃபிரெடரிக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் மாத்திரை தயாரித்தவரிடமிருந்து தானாகப் பறந்து நோயாளியின் கைக்குப் போவதில்லையே! நடுவில் மொத்த வியாபாரி இருக்கிறார், சில்லறைக் கடை இருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு ஆர்டர் வந்தபோதும் கேள்வி கேட்காமல் சரக்கை அனுப்பினார்கள் என்பது அவர்கள்மீதான குற்றச்சாட்டு. 2021-ல் மூன்று பெரிய விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்டு ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலர் வரை தர முன்வந்தன. அடுத்த ஆண்டு மூன்று பெரிய கடைச் சங்கிலிகள் 1,300 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. கட்டுப்பாடுள்ள மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று குறித்துவைக்கும் ஷெட்யூல் எச்1 பதிவேட்டை எழுதும்போது அலுத்துக்கொள்ளும் என் சக வியாபாரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

2021 உடன்பாட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தொகையில் குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சீர்செய்யவே செலவாக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். முன்பு சூடுபட்ட அனுபவம். 1998-ல் சிகரெட் நிறுவனங்களிடமிருந்து 46 மாநிலங்கள் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி, புகையிலைத் தடுப்புக்குப் போகாமல் வேறு செலவுகளில் கரைந்துபோனது. இந்த முறை செலவிடக்கூடிய இனங்களின் பட்டியலே இணைக்கப்பட்டிருக்கிறது. உதவி தேவைப்படுபவரைச் சிகிச்சையோடு இணைப்பது அதில் தனித் தலைப்பு. அவசரப் பிரிவுக்கு வந்தவரை மீண்டவர் ஒருவரின் துணையோடு சிகிச்சையில் சேர்ப்பது, போக்குவரத்துக்கு உதவுவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இது வெறும் கருணை இல்லை. யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த ஓபியாய்டு அடிமைகளில் ஒரு பிரிவினருக்கு, "இங்கே போங்கள்" என்று பரிந்துரை மட்டும் தரப்பட்டது. முப்பது நாள் கழித்து அவர்களில் 37 சதவீதத்தினரே சிகிச்சையில் இருந்தார்கள். அங்கேயே, ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரினார்ஃபின் மருந்தைத் தொடங்கித் தொடர் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டவர்களில் 78 சதவீதத்தினர் இருந்தார்கள்.

நம் ஊர்ச் சிக்கல் பெரும்பாலும் சாராயம், பிராந்தி. போதை வேறு, அதற்கான மருந்தும் வேறு. ஆனால் வழியில் நழுவுவது இங்கேயும் அப்படியேதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14446 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் காலையில் மனம் மாறிக் கிளம்புகிறார் என்று வையுங்கள். இரவு குடித்தது இறங்கிக் கை நடுங்க ஆரம்பித்திருக்கும். இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டு வாங்கி, எந்த அறை என்று விசாரித்து நிற்பதற்குள் மணி பன்னிரண்டு. டாஸ்மாக் திறக்கும் நேரம். நடுக்கத்தை உடனே நிறுத்தும் சரக்கு அங்கே வரிசையில்லாமல் கிடைக்கிறது. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிடுவதே தவறு.

2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இதில் இத்தனை பங்கு குடிநோய்ச் சிகிச்சைக்கு என்று அந்த 85 சதவீதம் போல ஒரு கோடு கிழித்தால் என்ன? நான் பெரிய கட்டடம் கேட்கவில்லை. பென்னாகரம், அரூர், பாலக்கோடு அரசு மருத்துவமனைகளில் தலா ஒரு துணையாளர், மாதச் சம்பளத்தோடு. குடியை விட்டுச் சில வருடம் ஆனவராக இருந்தால் நல்லது. வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டும், சேர்க்கும்வரை கூடவே நிற்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பிய பிறகும் போன் போட்டு விசாரிக்க வேண்டும்.

வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் நம் வேலையா?" என்றார் ஒருவர். அமெரிக்கக் கடைச் சங்கிலிகள் தர ஒப்புக்கொண்ட தொகையைச் சொன்னேன். பேச்சு ஜி.எஸ்.டி.க்கு மாறிவிட்டது.