சலமன்காவில் ஒரு செமஸ்டர்: தமிழ் வழியாக ஸ்பானிஷ்

ஸ்பெயினில் நான்கு மாதம் இருந்துவிட்டு, கடையில் சில்லறை கேட்கும் அளவுக்கு மட்டும் ஸ்பானிஷ் தெரிந்து திரும்புகிறவர்கள் உண்டு. வகுப்புக்கு ஒழுங்காகப் போனவர்கள்தான், இலக்கணத்திலும் மார்க் வாங்கியவர்கள்தான். ஆனால் கடைசிவரை ஆங்கிலத்தில் யோசித்து, அதை ஸ்பானிஷாக மாற்றியே பேசியிருப்பார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் செமஸ்டரே வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்வது சலமன்காவை வைத்து. மத்ரித்துக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரம். பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. காஸ்தெயானோ மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, நெப்ரிஹா என்ற அறிஞர் எழுதிய முதல் இலக்கண நூல் 1492-இல் அச்சானதும் இந்த ஊரில்தான். நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவு ஊர் என்பதால், கடைக்காரர், பேருந்தில் வருகிறவர் என்று பார்த்த முகங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். பேச்சு வளர அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒரே ஆபத்து, இங்கே வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. அவர்கள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலம்.

முதலில் காகிதங்கள். 90 நாளுக்கு மேல் தங்கினால் சுற்றுலா விசா செல்லாது, மாணவர் விசா எடுக்க வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்ற மூன்றும் இருக்க வேண்டும். கையில் காட்டவேண்டிய பணத்துக்கு இப்ரெம் என்ற அரசு அளவுகோல் உண்டு. 2023-இல் அதை மாதம் 600 யூரோ என்று வைத்தார்கள். விண்ணப்பம் தடுக்கி விழுவது பெரும்பாலும் காப்பீட்டில்தான். பயண இன்ஷூரன்ஸ் போதாது. மருத்துவரைப் பார்க்கும்போது நம் கையிலிருந்து ஒரு பங்கு கட்டவேண்டிய பாலிசியையும் ஏற்கமாட்டார்கள். தங்கும் காலம் முழுவதற்கும் காப்பீடு செல்ல வேண்டும். வகுப்பு செப்டம்பரில் என்றால் ஜூன் மாதமே விண்ணப்பத்தை ஆரம்பித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்பு என்றால் போலீஸ் சான்றும், அங்கே போய் எடுக்கவேண்டிய வெளிநாட்டவர் அடையாள அட்டையும் தேவைப்படாது. ஆறு மாதத்தைத் தாண்டினால் இரண்டும் வேண்டும்.

உங்கள் கல்லூரி இந்தப் படிப்புக்கு கிரெடிட் தருமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பாடத்திட்டத்தையும் மணி நேரக் கணக்கையும் இணைத்துக் கேட்டால் துறைத் தலைவரால் பதில் சொல்ல முடியும். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டால் திரும்பி வந்தபின் அலைச்சல்தான்.

தங்க இடம் தேடும்போது குடும்பத்தோடு தங்குவதைத்தான் நான் சொல்வேன். முன்பதிவுக்கு முன்னால் ஒரு கேள்வி அவசியம்: அந்த வீட்டில் வேறு வெளிநாட்டு மாணவர் இருக்கிறாரா? இருந்தால் வேறு வீடு கேளுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். மேசையில் அப்படியே உட்கார்ந்து பேசும் ஸோப்ரெமேஸா என்ற நேரம்தான் உங்கள் உண்மையான வகுப்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் தட்டில் ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைத் துண்டு வந்துவிடும், பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. இறைச்சி, மீன், ஹமோன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.

இனி மொழி. காபி கடையில் ஆங்கிலம் வழியாகப் போகிறவர் "ஒரு காபி எனக்குக் கிடைக்குமா" என்று சுற்றி வளைத்து வாக்கியம் கட்டுவார். அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. "போன்மே உன் கஃபே" என்பார்கள். நம் ஊர் "ஒரு காபி குடுங்க" அதேதான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"மே குஸ்தா எல் கஃபே" என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலைகீழாகத் தெரியும். தமிழில் அது "எனக்குக் காபி பிடிக்கும்", அவ்வளவுதான். "மே துவேலே" என்றால் எனக்கு வலிக்கிறது, "மே பரேஸே" என்றால் எனக்குத் தோன்றுகிறது. "உனக்கு அதைத் தருகிறேன்" என்பது "தே லோ தோய்": உனக்கு, அதை, தருகிறேன் என்று வரிசைகூட மாறவில்லை. ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லா (பேசுகிறார்) என்று வினைமுற்றின் விகுதியே யார் பேசுகிறார் என்று காட்டிவிடுவதால் "யோ, யோ" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் "நான்" போடவேண்டியதில்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. "பேயோ ஆ மரீயா" என்றால் மரியாவைப் பார்க்கிறேன். "பேயோ ஊனா பெலீகுலா" என்றால் படம் பார்க்கிறேன். ஆளுக்கு "ஆ" வருகிறது, படத்துக்கு வரவில்லை. தமிழிலும் "மரியாவை" என்று ஐ உருபு கட்டாயம் வேண்டும், "படம் பார்க்கிறேன்" என்பதற்கு வேண்டாம். இதை விதியாக மனப்பாடம் செய்து தடுமாறுகிற எத்தனையோ பேருக்கு நடுவில், நமக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும்.

உச்சரிப்பிலும் அப்படியே. உயிர்களுக்கு நடுவே ஸ்பானிஷ் த, க, ப ஆகியவற்றின் குரலொலி வடிவங்கள் மென்மையாகிவிடும், "அது", "அகம்" என்று நாம் சொல்வதுபோல. சிக்கல் எதிர்ப்பக்கத்தில். மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் மோத்தோவில் தகரம் வன்மையாக நிற்க வேண்டும். மெதுவாக விட்டால் "மோதோ" ஆகி, "விதம்" என்று பொருள் மாறிவிடும். "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய். வல்லின றகரத்தை நாக்கில் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களுக்கு இது எளிது, மற்றவர்கள் தினமும் பத்து நிமிடம் பழக வேண்டும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு, அங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். மேசைக்கும் கைக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதே நமக்கு அந்நியம். லா மேஸா (மேசை), லா மானோ (கை), எல் ப்ரோப்லேமா (பிரச்சினை) என்று, பெண்பாலைக் காட்டும் லா, ஆண்பாலைக் காட்டும் எல் ஆகியவற்றோடு சேர்த்தே ஒவ்வொரு சொல்லையும் படியுங்கள், பின்னால் ஒட்டவைக்க முடியாது. "அவர் டாக்டர்" என்பதற்கு "எஸ்", "வீட்டில் இருக்கிறார்" என்பதற்கு "எஸ்தா" என்றவரை தமிழ் துணைவரும். ஆனால் "உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு "எஸ் ஆல்தா" என்றே சொல்ல வேண்டும், அங்கே நம் "இரு" ஏமாற்றிவிடும். மரியாதையும் கவனிக்கவேண்டிய விஷயம். பெரியவர்களை "நீங்கள்" என்று அழைத்துப் பழகிய நாம் எல்லோரிடமும் "உஸ்தெத்" என்போம். தங்கியிருக்கும் வீட்டில் அது விலகி நிற்பதாகப் படும். "தூ" (நீ) போதும் என்று அவர்கள் சொன்னதும் தயங்காமல் மாறிவிடுங்கள்.

முதல் நாள் நிலைத் தேர்வில் தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடாதீர்கள். புத்தகத்தில் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடியும் ஐரோப்பிய மொழி நிலைகளில், இலக்கணத்தில் பி2 காட்டி, பேச்சில் ஏ2 அளவில் நிற்பார்கள். ஒரு வகுப்பு கீழே போவதால் நஷ்டமில்லை. மாறவேண்டும் என்றால் முதல் வாரமே கேளுங்கள்.

ஐந்தாறு வாரத்தில் ஒரு தேக்கம் வரும். எல்லாம் புரியும், வாய் திறக்காது, மாலையில் தலை கனக்கும். இறந்தகால வடிவங்கள் ஒன்றாக வந்து குவியும் சமயம் அது. "ஃபுயீ" என்றால் போனேன். "ஈபா" என்றால் "சின்ன வயசில் தாத்தா வீட்டுக்குப் போவேன்" என்பதில் வரும் "போவேன்", அல்லது போய்க்கொண்டிருந்தேன். அன்றன்று நடந்ததை இரவு மேசையில் ஐந்து நிமிடம் சொல்லிக்காட்டுங்கள், திருத்தச் சொல்லுங்கள். மொழி பரிமாற்றத்துக்கு ஆள் பிடித்தால் பாதி நேரம் ஆங்கிலமாகப் போய்விடும். பாடகர் குழுவோ கால்பந்து அணியோ மேல், அங்கே உங்கள் ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம்.

சான்றிதழுக்கு இரண்டு வழி. தேலே என்ற ஸ்பானிஷ் திறன் தேர்வின் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஆனால் முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பி2 நிலையில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 வாங்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் தேர்ச்சி இல்லை, ஆகவே கேட்கும் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கணினியில் எழுதும் சியேலே என்ற இன்னொரு தேர்வு சில வாரத்தில் முடிவு தரும், ஐந்தாண்டு செல்லும்.

மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு, மணி நேரக் கணக்கோடு டிசம்பர் 20-க்குள் கையில் வாங்கிவிடுங்கள். அதன்பின் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழியும்வரை அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது கடினம்.