போனைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்

போன மாதம் அப்பத்தாவை வீடியோ காலில் டாக்டரிடம் காட்டினோம். வயது 78, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, தேனிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். டவுனுக்கு பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, ஐந்து நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், முட்டிவலி வேறு. அதனால் சென்னையிலிருந்து நான்தான் ஏற்பாடு செய்தேன்.

வீடியோ கால் வந்ததும் அப்பத்தா வழக்கம்போல போனைக் காதில் வைத்துக்கொண்டார். "கால் வீங்கியிருக்கா பாட்டி?" என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். சரியாகக் காதில் விழவில்லை, "இல்லய்யா, நல்லாருக்கேன்" என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, "வெள்ள ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு." அதே வீடியோ காலில் நானும் இருந்தேன், ஆனால் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்ட என்னால் முடியாதே. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து அப்பத்தாவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தால், அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நிற்கிறது.

மறுநாளே நேரில் கூட்டிப் போனார்கள், மாத்திரை மாற்றினார்கள், இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அந்த அக்கா வராமல் இருந்திருந்தால்?

இப்படித் தூரத்திலிருந்தே டாக்டரைப் பார்க்கும் தொலைமருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தேனி மாவட்டத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமத்துக் கண் மையங்கள் 20 வருடமாக இப்படித்தான் நடக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் நேரில் கண்ணைச் சோதித்து, படமெடுத்து அனுப்புகிறார், அதைப் பார்த்துவிட்டு தூரத்திலிருக்கும் டாக்டர் பேசுகிறார். பெரியவர்கள் எந்த பட்டனையும் அமுக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் இரண்டு வழி உண்டு: ஒன்று நாமே வீட்டிலிருந்து பேசுவது, இன்னொன்று ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கிருக்கும் பணியாளர் டாக்டரோடு இணைத்துவிடுவது. அப்பத்தா மாதிரி ஆட்களுக்கு இந்த இரண்டாவதுதான் சரி. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளிலேயே, நோயாளியின் சார்பில் அவரைக் கவனித்துக்கொள்பவர் டாக்டரிடம் பேசலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாம் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் அல்லவா இருக்கிறோம்?

ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் மக்களைத் தேடி மருத்துவம் நினைவுக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அப்படி அப்பத்தா வீட்டுக்கு வரும் பணியாளர் தங்கச்சிக்கு எந்த மாத்திரை எதற்கு என்று தெரியும், அப்பத்தா காதுக்கு எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதும் தெரியும். அவர் வரும் நாளிலேயே டாக்டரோடு வீடியோ காலும் அமைந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதை அரசே முறையாகச் செய்ய வேண்டும், அந்தப் பெண்களுக்கு அதற்கான ஊதியத்தையும் சேர்த்துக் கொடுத்து.

அதுவரைக்கும், உங்கள் வீட்டுப் பெரியவர்களை போனில் டாக்டரிடம் காட்டுவதாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள். மாத்திரை அட்டை, பழைய சீட்டு, கடைசியாகப் பார்த்த சுகர் அளவு எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம், டாக்டர் கேட்காவிட்டாலும் காலைக் காட்டச் சொல்லுங்கள்.