அமைதியான ரூம்ல கேட்டா எல்லாப் பையனும் தெளிவாத்தான் பேசுவான்

2012 டிசம்பர் டெல்லி நிர்பயா கூட்டுப் பலாத்காரக் கேஸ்ல மாட்டின ஆறு பேர்ல ஒருத்தனுக்கு 18 முடிய சில மாசம் பாக்கி இருந்துச்சு, மூணு வருஷத்துல வெளிய வந்துட்டான், நாடே கொதிச்சுது, அந்தச் சூட்டுலயே சிறார் நீதிச் சட்டம் 2015 பாஸ் ஆயிடுச்சு. கோவத்தை நான் தப்பு சொல்லல. எனக்கு உறுத்துறது அதுல இருக்குற 15ஆவது பிரிவு.

16ல இருந்து 18க்குள்ள இருக்குற பையன், குறைஞ்சபட்சத் தண்டனையே ஏழு வருஷம்னு இருக்குற குற்றத்துல மாட்டுனா, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸைப் பாக்குற சிறார் நீதிக் குழுமம் மூணு மாசத்துக்குள்ள அவனை எடை போட்டுப் பாக்கணும். அதைச் செய்யுற அளவுக்கு மனசும் உடம்பும் வளர்ந்திருக்கா, விளைவு புரியுமா, என்ன சூழ்நிலைன்னு. புரிஞ்சுதான் செஞ்சான்னு தோணுச்சுன்னா, பெரியவங்கள விசாரிக்கிற மாதிரி விசாரிங்கன்னு குழந்தைகள் கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்.

2005ல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டுங்க ஒரு கார் கேம் வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. மஞ்சள் சிக்னல் விழுந்தாச்சு, நிறுத்துறியா இன்னும் போறியா, அவ்ளோதான் கேம். தனியா ஆடுறப்ப டீனேஜ் பசங்களும் பெரியவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆடுனாங்க, ஆனா கூட்டாளிங்க பக்கத்துல உக்காந்த உடனே பசங்க எடுக்குற ரிஸ்க் எகிறிடுச்சு, பெரியவங்க கிட்ட அப்படி ஒன்னும் மாறல. இப்ப யோசிங்க, சம்பவம் நடந்தது ராத்திரி நாலு பேரோட, கேள்வி கேக்குறது பகல்ல ஃபேன் ஓடுற ரூம்ல தனியா உக்கார வெச்சு. "கத்தியால குத்துனா செத்துடுவாங்கன்னு தெரியுமா?" தெரியும்னுதான் சொல்லுவான், பத்து வயசுப் பையனே சொல்லுவான்!

2022ல ஒரு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டும் இது ரொம்ப நுணுக்கமான வேலை, குழுமத்துல குழந்தை மனநலம் படிச்சவங்க இல்லன்னா கண்டிப்பா நிபுணர் உதவி வாங்கணும்னு சொல்லிடுச்சு. நல்லதுதான், ஆனா நிபுணர் வந்தாலும் அதே ரூம்தானே.

இதுல இன்னொரு கூத்து, இந்த மதிப்பீடு விசாரணைக்கு முன்னாடி நடக்குது. குற்றம் இன்னும் நிரூபணமே ஆகல. பையன் "நான் அங்க இல்லவே இல்ல சார்"னு சொல்லிட்டா எந்த சூழ்நிலைல செஞ்சான்னு அவன்கிட்ட எப்படிங்க கேப்பீங்க?