உப்பு தின்ற குழாய்கள்

இந்த நாட்டில் எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம் முடிந்து, பனி உருகிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து மகளை அழைத்துக்கொண்டு வரும்போது சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி நின்றது, ஆனால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வண்டியை இழுவை வண்டியில்தான் கொண்டுவந்தேன்.

வண்டியின் அடியில் பிரேக் ஆயில் ஓடும் குழாய் துருவில் ஓட்டையாகியிருந்தது. ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடுவதால்தான் அன்று தப்பித்தோம். ஒன்றில் குழாய் வெடித்தாலும் மற்றது பாதி பிரேக்காவது பிடிக்கும்.

வந்த புதிதில் இந்தப் பழைய காரை வாங்கியபோது இன்ஜின் சத்தம், கியர், டயர் எல்லாம் பார்த்தேன். குனிந்து அடியில் பார்க்கவில்லை. பனியே பெய்யாத ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த யோசனையே வராது. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். கரைந்த உப்புநீரைச் சக்கரம் வாரி அடிக்க, அது வண்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஈரமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் சேரும் உருகும் காலத்தில்தான் அது வேகமெடுக்கும்.

முதலில் பார்த்த பட்டறையில், ஓட்டையான துண்டை மட்டும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு கம்ப்ரெஷன் இணைப்பு, அதாவது நட்டை இறுக்கி இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பு, போட்டுத் தருகிறோம் என்றார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணன், முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர், கேட்டதுமே தலையை ஆட்டினார். "வேண்டாம் தம்பி. அது தண்ணிக் குழாய்க்குச் சரி. பிரேக்கை அழுத்தி மிதிச்சா உள்ள அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐ தாண்டும். மொத்தமா மாத்திடுவோம், நானும் கூட நிக்கறேன்."

ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. வெளியே தெரிகிற இடங்களில் குழாய் பரவாயில்லை. பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களிலும் பெட்ரோல் டேங்குக்கு மேலேயும்தான், உப்புச் சேறு காயாமலே கிடந்து, குழாய் பிஸ்கட் மாதிரி பொரிந்திருந்தது. அதே கிளிப்பில் பக்கத்தில் ஓடும் பெட்ரோல் லைனும் விரல் வைத்தால் உதிர்ந்தது.

ஸ்டீலுக்குப் பதில் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் வாங்கினோம், 4.75 மில்லிமீட்டர். வால்வோ கார் நிறுவனம் 1976லேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். தனிச் செம்பு கூடாது; அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

சிரமமெல்லாம், இணைப்பில் கசியாமல் பொருந்தக் குழாயின் முனையை விரிப்பதில்தான். குழாயை நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி, நட்டை முதலிலேயே கோர்த்துவிட வேண்டும். விரித்த பிறகு நட் ஏறாது. பிறகு முனையை உள்பக்கம் மடித்து இரட்டை விளிம்பாக அழுத்த வேண்டும். சில வண்டிகளுக்குக் குமிழ் போன்ற வேறு வடிவம். பழைய முனையைப் பார்க்காமல் விரித்தால் கசியும். அண்ணன் ஒவ்வொரு முனையையும் நகத்தால் தடவிப் பார்ப்பார். விளிம்பு ஒரு பக்கம் மெலிந்திருந்தால் பேசாமல் வெட்டி எறிவார். நான் செய்தவற்றில் நான்கு அப்படிப் போயின. ஐந்தாவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது நிக்கும்" என்றார்.

பின்சக்கர நட் ஒன்று துருவில் இறுகி, ஸ்பேனருக்கு வழுக்க ஆரம்பித்தது. எப்படியும் பழைய குழாய்தானே என்று நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, நட்டின் ஆறு பக்கத்தையும் பிடிக்கும் சாக்கெட் போட்டுக் கழற்றினோம்.

பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டோம். இல்லாவிட்டால் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். பேட்டரியையும் கழற்றி, கராஜ் கதவை முழுக்கத் திறந்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தோம்.

கடைசியில் ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, மனைவி பெடலை மிதிக்க உட்கார்ந்தாள். நான் கீழிருந்து "அமுக்கு" என்பேன், சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் வால்வைத் திறப்பேன், மூடிய பிறகே "விடு" என்பேன். முன்னதாக விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பாட்டிலில் விட்டிருந்த குழாயில் குமிழ்கள் குறைந்துகொண்டே வந்தன. நான்காவது சக்கரம் முடிந்ததும், "ஏங்க, இப்ப கல்லு மாதிரி நிக்குது" என்றாள்.

இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தோம். கீழே பெரிய அட்டையை விரித்து வண்டியை அதன்மேல் நிறுத்தினேன். அன்றிரவு இரண்டு முறை டார்ச்சோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன். அட்டை காய்ந்தே இருந்தது.